கிழமைக்குத் தேவையான ஸ்மூதியை ஞாயிறே அடித்து வைக்கலாமா?

கோண்டாவில் ஆசிரியை:
காலை ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். பிள்ளைகள் மரக்கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் ஞாயிறு பின்னேரம் பப்பாப்பழம், கதலி வாழைப்பழம், கரட், ஒரு கைப்பிடி வல்லாரை எல்லாவற்றையும் தேசிக்காய்ப் புளி விட்டு அடித்து, ஐந்து போத்தலில் பிரிட்ஜில் வைக்கிறேன். பிள்ளைகள் மறுக்காமல் குடிக்கிறார்கள். மாமிதான் "பழசைக் கொடுக்கிறாய்" என்று கவலைப்படுகிறா.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
மாமி சொல்வது சரி, தங்கச்சி. அடித்த பழத்தில் காற்றுப் பட்டதும் விற்றமின் சி குறையத் தொடங்கும். வெள்ளிக்கிழமைப் போத்தலில் எவ்வளவு மிஞ்சும்? திருநெல்வேலிச் சந்தையில் பப்பாவை வாங்கி, வெட்டிக் கையில் கொடுங்கள். மென்று தின்றால் வயிறு நிறைவது தெரியும். எங்கள் ஆட்கள் இலைக்கஞ்சியையும் அன்றன்றுதான் காய்ச்சினார்கள்.

கோண்டாவில் ஆசிரியை:
வெட்டிக் கொடுத்துப் பார்க்காமலா இதற்கு வந்தேன், அண்ணை? பப்பாவைத் தின்பார்கள். வல்லாரையை யார் தின்பது? விற்றமின் சி குறையும், ஒத்துக்கொள்கிறேன். நார்ச்சத்து எங்கும் போகாது, நான் வடிப்பதே இல்லை. பத்து வயதுக்கு மேல் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் முந்தி அதில் பாதியும் போகவில்லை.

கொழும்புத்துறைத் தாதி:
எனக்குச் சத்தை விடக் கெட்டுப்போவதுதான் பயம். ஐந்து நாள் வேண்டாம், அக்கா. பிரிட்ஜ் 4 பாகைக்குக் கீழே நின்றாலும் நான் இரண்டு நாளுக்கு மேல் வைக்க மாட்டேன். கரண்ட் போனால், திறக்காத பிரிட்ஜும் நாலு மணித்தியாலம்தான் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது எவ்வளவு சாப்பாட்டைக் கொட்டினேன்! அடிக்காமல், வெட்டிய துண்டுகளை ஒரு நாளுக்கு ஒரு பொதியாக பிரீசரில் போடுங்கள். காலையில் பிளெண்டரில் இரண்டு நிமிட வேலை. வல்லாரையை நன்றாக அலசுங்கள், அது ஈரநிலத்தில் வளர்வது. பாலை முதலே விட வேண்டாம். பப்பாவில் உள்ள பப்பெயின் என்ற நொதியம் பாலின் புரதத்தை உடைக்கும், வைக்க வைக்கக் கைக்கும்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
பிரீசர் பொதி நல்லது. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் மரத்தடியில் அழுகுவதையும் அப்படிக் காப்பாற்றலாம். ஆனால் கரட்டை ஏன் குடிக்க வேண்டும்? அதில் உள்ள கரோட்டின் சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். துருவித் தேங்காய்ப்பூவோடு சம்பல் போட்டுக் கொடுங்கள், சோற்றோடு இறங்கும்.

கோண்டாவில் ஆசிரியை:
அப்படியென்றால் ஸ்மூதியிலேயே இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விடுகிறேன், அண்ணை. போத்தல் திங்களுக்கும் செவ்வாய்க்கும் மட்டும், மற்ற நாளுக்குப் பொதி. தங்கச்சி, பிரீசரில் வாழைப்பழம் கறுக்காதா?

கொழும்புத்துறைத் தாதி:
தோலை உரித்து, தேசிக்காய்ப் புளி தடவி வையுங்கள் அக்கா. பெரிதாகக் கறுக்காது.