சின்ன வயசுல தைராய்டு கேன்சர் வந்தவங்க இப்போ எப்படி இருக்கீங்க?

ஈரோட்டுக்காரி:
14 வயசுல எனக்குத் தைராய்டு கேன்சர், அதுல பாப்பிலரிங்கிற வகைன்னு தெரிஞ்சது. இப்போ 36. தைராய்டை முழுசா எடுத்தாங்க, கழுத்துல இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தாங்க, அப்புறம் ரேடியோ அயோடின், அதாவது மிச்சமிருக்கிற தைராய்டு செல்லை அழிக்கிற கதிரியக்க மருந்து. கேன்சர் திரும்பி வரல. இத்தனை வருஷமா என்னைப் படுத்துறது கால்சியம்தான். தைராய்டுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு அரிசி சைஸுல நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கு. ஆபரேஷன்ல அதுக்கு அடிபட்டா ரத்தத்துல கால்சியம் இறங்கிடும். பெரியவங்களைவிடக் குழந்தைங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டு இருக்கும்போதே கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கமா மடங்கி இழுத்துக்கிச்சு. இன்னொரு கையால பேனாவை உருவி எடுத்தேன். உதட்டைச் சுத்தி மதமதன்னு மரத்துப்போச்சு. ஹால்ல இருந்த டீச்சர் பரீட்சை பயம்னு நினைச்சு தண்ணி குடுத்தாங்க, பாவம். இன்னைக்கும் கைப்பையில கால்சியம் மாத்திரை இல்லாம வாசல் தாண்ட மாட்டேன். தைராய்டு இல்லாததால அதுக்குப் பதிலா எடுக்கிற ஹார்மோன் மாத்திரை தைராக்ஸின், அது காலையில வெறும் வயித்துல. அதுக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடணும், இல்லேன்னா தைராக்ஸின் ஒழுங்கா உடம்புல சேராது. காபிக்கும் அரை மணி நேரம் பொறுக்கணும். எனக்கு அதுதான் பெரிய தியாகம்!

திருச்சி அம்மா:
என் பொண்ணுக்கு 11 வயசுல. நுரையீரலுக்கும் பரவியிருக்குன்னு சொன்னதும் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி படியிலயே உட்கார்ந்துட்டார். அப்புறம் டாக்டர் விளக்கினார். குழந்தைங்களுக்கு நெறிக்கட்டிக்கும் நுரையீரலுக்கும் பரவுறது பெரியவங்களைவிட அதிகமாம், ஆனா உயிருக்கு ஆபத்து ரொம்பக் குறைவாம். செர்னோபிலைச் சொன்னார். 1986 அணு உலை விபத்துக்கு அப்புறம் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடிச்ச பிள்ளைங்க. அப்போ சின்னவங்களா இருந்தவங்கள்ல 2005 வரைக்கும் 6,000 பேருக்கு மேல தைராய்டு கேன்சர் வந்துச்சு, அதுல இறந்தது 15 பேர். அந்த 15ங்கிற எண்ணைத்தான் எங்க வீட்டுக்காரர் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கார்.

ரேடியோ அயோடின் குடுக்கறதுக்கு முன்னாடி அயோடின் உப்பு, மீன், முட்டை, பால், தயிர் எதுவும் கூடாது. தயிர்சாதம் இல்லாம அவ அழுத அழுகை இருக்கே! இப்போ காலேஜ் போறா. ஸ்கேன்ல நுரையீரல் புள்ளிகள் இன்னும் தெரியுது, கேன்சர் மிச்சமிருக்கான்னு ரத்தத்துல பார்க்கிற தைரோகுளோபுலின் அளவு மட்டும் வருஷா வருஷம் இறங்குது. “சுத்தமா போயிடுச்சா?”ன்னு மாமியார் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. கல்யாணம், குழந்தை எல்லாம் எப்படிம்மா?

அணுமருத்துவ நர்ஸ்:
திருச்சி அம்மா, புள்ளிகள் அசையாமல் வருடக்கணக்கில் இருப்பது இந்த நோயில் புதிதல்ல. அதைத் துரத்திக்கொண்டு ரேடியோ அயோடினை மேலும் மேலும் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. உமிழ்நீர்ச் சுரப்பி பாதிக்கும், வாய் வறளும், பல் சொத்தையாகும். முன்பெல்லாம் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்போம். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் குழந்தைகளுக்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆபத்து குறைந்தவர்களுக்கு அயோடின் தேவைப்படாமலும் போகலாம் என்கிறது அது.

என் கவலை வேறு. குழந்தைகள் பிரிவில் ஒழுங்காக வந்த பிள்ளை, வெளியூரில் வேலை, கல்யாணம் என்று ஆனதும் வருவதை நிறுத்திவிடும். இந்த நோய் இருபது, முப்பது வருடம் கழித்தும் தலைகாட்டும். அப்போது வருகிறவர்களிடம் பழைய பயாப்சி ரிப்போர்ட்டும் இருக்காது, எவ்வளவு அயோடின் கொடுத்தார்கள் என்ற விவரமும் இருக்காது.

மதுரைக்காரன்:
எனக்கு ஆபரேஷன்ல குரல் நரம்புல அடி. இப்பவும் சத்தமாப் பேச வராது. மேனேஜரா இருக்கேன், டீம்ல யாரும் குறை சொல்லல :)

ஈரோட்டுக்காரி:
அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே தழும்பையும் ஃபைலையும் காட்டிட்டேன். ஒரு குடும்பம் பின்வாங்கிச்சு, போகட்டும். ரேடியோ அயோடின் குடிச்சா குறைஞ்சது ஆறு மாசமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. எனக்கு அது எப்பவோ தாண்டிப்போச்சு. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே தைராக்ஸின் டோஸை ஏத்தினாங்க, டோஸ் போதுமான்னு காட்டுற டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையை நாலு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தாங்க. பையன் யுகேஜி. உங்க பொண்ணு எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டையும் ஜெராக்ஸ் போட்டு அவ கையிலயே குடுத்துடுங்க. ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கட்டும்.