பழைய முன் ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும் சென்டர், சரவுண்ட் ஸ்பீக்கர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 22 ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை மையமாக வைத்து ஹோம் தியேட்டர் அமைக்க முயல்கிறேன். அவற்றில் உயர் ஒலிக்கான 25 மில்லிமீட்டர் பட்டு டோம் (குவிமாட வடிவ) ட்வீட்டரும் தாழ், நடு ஒலிக்கான 165 மில்லிமீட்டர் காகிதக் கூம்பு வூஃபரும் உள்ளன. பின்புறத்தில் 8 ஓம் (மின்தடை), 88 டெசிபல் (உணர்திறன்) என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இவற்றில் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு வேறு எதுவும் பிடிக்காததால், இவற்றை மாற்றும் எண்ணம் எனக்கில்லை.

அண்மையில் ரிசீவர் (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) ஒன்றை வாங்கியபோது, வசனத்துக்காகத் திரையின் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரையும் வேறொரு நிறுவனத்திலிருந்து வாங்கினேன். அதில் அலுமினிய ட்வீட்டர் நடுவிலும் 130 மில்லிமீட்டர் வூஃபர்கள் இருபுறமும் அமைந்துள்ளன. 6 ஓம், 91 டெசிபல். பின்பக்கத்து (சரவுண்ட்) ஒலிக்கு, பழைய ஹோம் தியேட்டர் பெட்டியோடு வந்த 3 ஓம் சிறு ஸ்பீக்கர்களைப் பயன்படுத்துகிறேன்.

ஒருவர் பேசிக்கொண்டே திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து வந்தால், பாதி வழியில் அவருடைய குரலே மாறிவிடுகிறது. போதாததற்கு, சோபாவின் ஓரத்தில் அமரும் என் தாயாருக்கு வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. என் முன் ஸ்பீக்கர்களின் வரிசையில் வந்த சென்டர் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 8 ஓம், 88 டெசிபல் உள்ள வேறொரு சென்டரை வாங்கினால் இந்தக் குறை தீருமா?

மறுமொழி 1

தீராது என்றே நினைக்கிறேன். டெசிபல் எண் ஒலியின் அளவைச் சொல்லுமே தவிர, குரலின் நிறத்தைச் சொல்லாது. 3 டெசிபல் வேறுபாட்டை ரிசீவரின் சேனல் லெவல் அமைப்பில் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். மேலும், பல நிறுவனங்கள் 2.83 வோல்ட் கொடுத்து அந்த எண்ணை அளக்கின்றன. அந்த மின்னழுத்தம் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் என்றால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட் ஆகிவிடுவதால், ஓம் குறைந்த ஸ்பீக்கர் காகிதத்தில் கூடுதல் எண்ணைக் காட்டும்.

மனிதக் குரலை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் 300 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். அந்தப் பகுதியில் வூஃபரும் ட்வீட்டரும் எந்த இடத்தில் கைமாற்றிக்கொள்கின்றன, ஒலியைப் பக்கவாட்டில் எப்படிப் பரப்புகின்றன என்பவைதான் ஒற்றுமையைத் தீர்மானிக்கின்றன. டோம் எந்தப் பொருளால் ஆனது என்பதை நான் இவற்றுக்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

தங்கள் தாயாரின் சிக்கல் தனியானது. சென்டரின் இரு வூஃபர்களுக்கிடையே, மையத்திலிருந்து மையத்துக்கு, எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்

25 சென்டிமீட்டர். அம்மா அமரும் இடம் நடு அச்சிலிருந்து சுமார் 30 பாகை விலகியிருக்கும்.

மறுமொழி 1

அப்படியானால் காரணம் தெளிவு. 30 பாகை விலகி அமர்பவருக்கு ஒரு வூஃபரின் ஒலி மற்றதைவிட 12.5 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வந்து சேரும். ஏறத்தாழ 1,400 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சரியாக அரை அலைநீளம் என்பதால், இரு வூஃபர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குரலின் நடுப்பகுதியிலேயே குழி விழும்போது வசனம் எப்படித் தெளிவாகும்? படுத்த நிலையில் வைக்கப்படும் இரண்டு வூஃபர் சென்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. ரிசீவரின் தானியங்கி ஒலிச்சீரமைப்பால் இதைத் தீர்க்க முடியாது. ஓர் இருக்கைக்காகக் குழியை நிரப்பினால், நடுவில் அமர்பவருக்கு அதே இடத்தில் மேடு எழும்.

மறுமொழி 2

சென்டரைக் குறை சொல்வதற்கு முன், முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் இன்னும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தீர்களா? 22 ஆண்டு என்பது ஸ்பீக்கருக்குச் சிறிய வயதன்று. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பொருளாக இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் வளையத்தை மாற்றியாக வேண்டும். பிறகு, இரண்டையும் அருகருகே வைத்து, ரிசீவரின் சோதனை இரைச்சலை ஒவ்வொன்றிலும் மாறி மாறி ஒலிக்கச் செய்து, ஒரே இடத்தில் அமர்ந்து கேளுங்கள். வேறுபாடு தெரிந்தால் இரண்டின் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள்: குறை ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர், அதே சேனலில் நின்றால் ரிசீவர்.

கேட்டவர்

வளையம் ரப்பர், நன்றாகவே இருக்கிறது. ஆனால் சோதனை இரைச்சலில் இடப்பக்க ஸ்பீக்கர் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் மங்கியிருக்கிறது. ஒயரை மாற்றியும் அந்த மங்கல் அந்த ஸ்பீக்கரோடுதான் போனது. இத்தனை நாள் இதைக் கவனிக்காமலிருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி 2

படிப்படியாக நிகழும் மாற்றத்தைக் காது பழகிக்கொள்வதால், இது எவருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலும், ட்வீட்டருக்குத் தாழ் ஒலி போகாமல் தடுக்க அதற்குத் தொடராக உள்ள பைபோலார் எலக்ட்ரோலைட்டிக் (மின்பகுபொருள் கொண்ட) கெப்பாசிட்டர்தான் காரணமாக இருக்கும். அது உலர்ந்துபோகும்போது உள்தடை கூடி ட்வீட்டரின் ஒலி குறையும். கொள்திறனும் குறைந்தால், வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் கிராஸ்ஓவர் புள்ளியே மேலே நகர்ந்துவிடும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், இரு பெட்டிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே வகையைப் பொருத்துங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதொரு வேறுபாட்டை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள். பிளாஸ்டிக் படலத்தாலான ஃபிலிம் வகைக் கெப்பாசிட்டரைப் போட்டால் அதன் உள்தடை மிகவும் குறைவு என்பதால், ட்வீட்டர் முன்னைவிடச் சற்றுக் கூர்மையாக ஒலிக்கக்கூடும்.

மறுமொழி 3

சரவுண்ட் பற்றி யாரும் பேசவில்லை. அவற்றின் ஒலிநிறம் முன்பக்கத்தோடு நூல் பிடித்தாற்போல் ஒத்திருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒலியைக் காதின் வடிவமே வேறுவிதமாக மாற்றித்தான் உள்ளே அனுப்புகிறது. 1987-இல் வந்த டால்பி புரோ லாஜிக் முறையில் சரவுண்ட் ஒரே சேனலாக, ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே இருந்ததால், அப்போது மிகச்சிறிய பெட்டிகளும் போதுமானவையாக இருந்தன. பின்னர் வந்த 5.1 முறையிலோ (ஐந்து சேனல்களும் தாழ் ஒலிக்கென ஒரு சேனலும்) அவற்றுக்கும் முழு அலைவரிசை ஒலி வருகிறது. ஆகவே, 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வரை இறங்கக்கூடிய சாதாரணமான புக்‌ஷெல்ஃப் ஜோடி ஒன்றே போதும்; கேட்பவர் அமரும் இடத்திலிருந்து பார்க்கையில், நடு அச்சிலிருந்து 100 முதல் 120 பாகைக்குள் வையுங்கள்.

தாங்கள் இப்போது வைத்திருக்கும் 3 ஓம் பெட்டிகளை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அவை தம்மோடு வந்த ஆம்ப்ளிஃபயருக்காகவே உருவாக்கப்பட்டவை. தங்கள் ரிசீவரின் பின்புறத்தில் குறைந்தபட்சம் 6 ஓம் என்று எழுதியிருந்தால், சத்தமான காட்சிகளில் அது தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டத்தை அவை இழுக்கும்.

மறுமொழி 1

சென்டருக்கு என் பரிந்துரை: உங்கள் முன் ஸ்பீக்கரின் அதே மாடலில் பழைய ஜோடி ஒன்று எங்காவது கிடைக்கிறதா என்று தேடி, அதில் ஒன்றைத் திரைக்குக் கீழே நிற்க வைத்த நிலையிலேயே, ட்வீட்டர் காதை நோக்குமாறு சாய்த்து வையுங்கள். மூன்றும் ஒரே ஸ்பீக்கராக இருப்பதைவிடச் சிறந்த பொருத்தம் கிடையாது. ஒரே வூஃபர் இருப்பதால், இரு வூஃபர்கள் பக்கவாட்டில் அழித்துக்கொள்ளும் சிக்கலும் எழாது. கெப்பாசிட்டரை அதற்கும் மாற்ற வேண்டியிருக்கும்.

அது கிடைக்கும்வரை, ரிசீவரில் சென்டர் இல்லை என்று அமைத்துப் பாருங்கள். வசனம் இரு முன் ஸ்பீக்கர்களுக்கும் பங்கிடப்படும். நடுவில் அமர்பவருக்கு இது நன்றாகவே அமையும்; ஓரத்தில் அமர்பவருக்குக் குரல் அருகிலுள்ள ஸ்பீக்கரின் பக்கம் இழுக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

கேட்டவர்

இரு பெட்டிகளிலும் கெப்பாசிட்டர்களை மாற்றியாயிற்று. சோதனை இரைச்சலில் இப்போது இடம், வலம் என்று பிரித்தறிய முடியவில்லை. 3 ஓம் பெட்டிகளைக் கழற்றிவிட்டேன். ரிசீவரில் சென்டர் இல்லை என்று அமைத்தபின் குரல் மாறும் குறை முற்றிலும் நீங்கியது. அம்மாவுக்குக் குரல் இடப்பக்கமாக வருவதாகத் தோன்றினாலும் சொற்கள் புரிகின்றனவாம். மூன்றாவது ஸ்பீக்கரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்; கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.