தென்னந்தோப்பும் காடுதானாம்!

செங்காந்தள்:
"1987இல் நாட்டின் வனப்பரப்பு 6.4 லட்சம் சதுர கி.மீ., 2023 அறிக்கையில் 7.15 லட்சம். காடு அழியுதுன்னு ஒப்பாரி வைக்கிறவங்க போய்க் கணக்குப் படிங்க" என்று பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். அந்த 7.15 லட்சத்தில் பொள்ளாச்சித் தென்னையும் உண்டு. தென்னந்தோப்பு காடா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

மேப்புக்காரன்:
அந்தப் புண்ணியவான் நான்தான். டேராடூன் வன அளவை நிறுவனத்தின் கணக்கு இதுதான்: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதில் 10 சதவீதமாவது மர நிழல். யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை.

செங்காந்தள்:
ஆக, தோப்பு காடு! 7.5 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 177 தென்னை. மட்டை 3 மீட்டர் விரிந்தால் மரத்துக்கு 28 சதுர மீட்டர் நிழல். மொத்தம் 5,000, அதாவது பாதி ஹெக்டேர். நிழல் 40க்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் அவங்க கணக்கில் "மிதமான அடர்காடு". யானைகிட்ட சொல்லிட்டீங்களா?

வேங்கை:
தென்னையை விடுங்க. 1987இல் 400 ஹெக்டேருக்குக் குறைந்த திட்டு படத்தில் பிடிபடாது. 2001 அறிக்கையிலிருந்து 1 ஹெக்டேர் வரை பிடிக்கிறார்கள். சல்லடையை மாத்திட்டு மாவு கூடிப்போச்சுன்னா எப்படி?

செங்காந்தள்:
அதெல்லாம் அப்புறம். தென்னந்தோப்பு காடா?

மேப்புக்காரன்:
லிஸ்-3 என்ற செயற்கைக்கோள் கேமராவின் படத்தில் ஒரு கட்டம் 23.5 மீட்டர். ஹெக்டேருக்கே 18 கட்டம்தான். அதில் எது தென்னை, எது தேக்கு என்று நீங்களே பிரிச்சுக் காட்டுங்க. படமும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வேண்டும். மார்ச்சில் எடுத்தால் இலை உதிர்ந்த தேக்குக்காடு மொட்டையாகத் தெரியும். நம்ம பக்கம் அந்த மூணு மாசமும் மழை மேகம். சீமைக் கருவேல இழையிலேயே உங்க லட்சணம் பார்த்தாச்சு.

செங்காந்தள்:
அங்கேயும் நீங்கதான் பாதியில் ஓடினீங்க.

வேங்கை:
படத்தை மட்டும் நம்பக்கூடாதுன்னுதான் காட்டுக்கே போய் மரத்தை அளக்கும் களக்கணக்கு. அடிமரத்தின் சுற்றளவை எடுக்கும் மார்புயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர். சரிவில் மேட்டுப்பக்கம் நின்று அளக்கணும். பள்ளத்துப் பக்கம் நின்றால் நாடா அடிமரத்தில் விழுந்து பருமன் கூடும். அந்த உயரத்துக்குக் கீழே கவை பிரிந்தால் இரண்டு மரம். சுற்றளவு 31.4 செ.மீ. என்றால் விட்டம் 10.

ஆலம்விழுது:
மார்புயரம் 1.3 மீட்டர். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பே அப்படித்தான் சொல்கிறது.

வேங்கை:
இந்தியாவில் 1.37. நாலரை அடி.

ஆலம்விழுது:
ஏழு சென்டிமீட்டருக்கு இவ்வளவு வீம்பா?

வேங்கை:
சுற்றளவை வைத்து மரத்தின் கன அளவு சொல்லும், 1.37க்குப் போட்ட அட்டவணையில் 1.3இல் எடுத்த சுற்றளவைப் போட்டுப் பாருங்க தம்பி. மரத்துக்கு மரம் கொஞ்சம் கூடும், கூட்டினால் காட்டுக்கே கூடும்.

செங்காந்தள்:
நாடாவைச் சுருட்டி வைங்கய்யா. தோப்புக்காரர் நாளைக்கே மொத்தத்தையும் வெட்டித் தக்காளி போடலாம், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் அவரைத் தடுக்காது. நாட்டின் நிலத்தில் 1988 வனக்கொள்கை காட்டுக்கும் மரத்துக்கும் கேட்ட மூன்றில் ஒரு பங்கை இளநீர் விற்றே எட்டிடுவோமா?

மேப்புக்காரன்:
தோப்பும் சேர்த்திதான் என்று அறிக்கையே சொல்லுது. படிக்காதது யார் குத்தம்?

செங்காந்தள்:
எழுதி வெச்சா தென்னை சோலைக்காடு ஆயிடுமா? ஆமாவா, இல்லையா?

மேப்புக்காரன்:
கணக்குப்படி வனப்பரப்பு. பத்தாவது தடவையா சொல்றேன்.

செங்காந்தள்:
வனப்பரப்பைக் கேட்கலை. காடா?

ஆலம்விழுது:
நாலரை அடின்னா 1.3716. அதைக்கூட முழுசா எழுதத் தெரியாதவர் எனக்கு அட்டவணை சொல்லித் தர்றார்.