மறு: 'நான் மெட்டாலிக் மெட்டல்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மல்லேஸ்வரம் ஐயா போன வாரம் இப்படிக் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார்:

//குட்டிப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பிள்ளைகள் என்.எம்.எம். என்.எம்.எம். என்கிறார்களே, அது என்ன? அதற்குத் தமிழ் உண்டா?//

பதிலுக்குச் சொற்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல், வேலையைப் பார்க்காமல் ஆங்கிலப் பெயரை மட்டும் பிரித்துத் தைத்தவை. நான் ஏழெட்டு வருடமாக அல்சூர் வீட்டு பால்கனியில் இதே வேலையாக உட்கார்ந்திருப்பவள். அதனால் சொல்லுக்கு முன்னால் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

28 மி.மீ. உயரத்தில் ஒரு போர்வீரன். அவன் தோள்கவசம் பொட்டுக்கடலை அளவு. அதை இரும்பாகக் காட்ட இரண்டு வழி உண்டு. கடையில் கிடைக்கும் சில்வர் பெயின்டைப் பூசுவது ஒன்று. அதில் அலுமினியமோ மைக்காவோ பொடிச் செதிலாகக் கலந்திருக்கும், விளக்கு பட்டால் தானே மின்னும். மின்னும் சரக்கு ஒரு துளிகூட இல்லாத சாதாரண அக்ரிலிக்கை, கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் நீலம் என்று வைத்துக்கொண்டு, மின்னுகிற மாதிரி காட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்குத்தான் Non-Metallic Metal என்ற அந்த ஆங்கிலப் பெயர், சுருக்கினால் என்.எம்.எம். தமிழெழுத்தில் 'நான் மெட்டாலிக் மெட்டல்' என்று எழுதினால் யாரோ மேடையேறித் தன்னை அறிமுகம் செய்துகொள்வதுபோல இருக்கிறது. இந்த ஒரு காரணம் போதும், தமிழ்ச்சொல் வேண்டும்.

எப்படிக் காட்டுகிறார்கள்? வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு நிறமே கிடையாது. மேலிருந்து கீழாகப் பட்டைகள்தான்: ஒரு வெள்ளை, அதை ஒட்டினாற்போல் ஏறக்குறையக் கறுப்பு, அப்புறம் சாம்பல், ஓரத்தில் மறுபடி நூல்போல வெள்ளை. மண்சட்டியில் வெளிச்சம் மெல்ல மங்கி நிழலாகும். டம்ளரில் வெள்ளையும் கறுப்பும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடிபாட்டைத்தான் நம் கண் 'உலோகம்' என்று படிக்கிறது. சொம்பை வைத்தால் பட்டை இருக்காது. ஜன்னல் முழுவதும் சுருங்கி, வளைந்த ஒரு பொட்டாக அதன் வயிற்றில் உட்கார்ந்திருக்கும். பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாண போட்டோக்களில் சீர்வரிசைப் பாத்திரங்கள் பளபளவென்றுதானே இருக்கின்றன? பளபளப்பு நிறத்தில் இல்லை, எதற்குப் பக்கத்தில் எது என்பதில் இருக்கிறது. (அந்தப் போட்டோவின் கறுப்பே வெள்ளித்துகள்தான் என்று நம் வேதியியல் நண்பர் வம்புக்கு வருவார். வரட்டும். அது மின்னவில்லை.)

இதைப் பொட்டுக்கடலை மேல் செய்ய வேண்டும். முதலில் கருநீலச் சாம்பல் ஒரு பூச்சு. மேல்பாதி வானத்தைப் பார்க்கிறது, கீழ்ப்பாதி தரையைப் பார்க்கிறது என்று மனத்துக்குள் ஒரு அடிவானத்தைக் கிழித்துக்கொள்கிறோம். வண்ணத்தை மோர்போல நீர்க்க வைத்து ஒவ்வொரு படலமாகச் சாம்பலை ஏற்றுகிறோம். மார்ச் மாத பெங்களூருக் காற்றில் அக்ரிலிக் நொடியில் காய்ந்துவிடும் என்பதால், டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதில்தான் வண்ணக் கலவை. கடைசியில் தூரிகை நுனியால் சுத்த வெள்ளை ஒரே ஒரு புள்ளி, அதுவும் இருட்டு அதிகமாக உள்ள இடத்தை ஒட்டி. தங்கக் கவசமென்றாலும் இதே கணக்குதான். பழுப்பில் தொடங்கி, காவி மஞ்சள், எலுமிச்சை மஞ்சள் என்று ஏறி, கிட்டத்தட்ட வெள்ளையில் முடிய வேண்டும். மஞ்சளோடு நின்றுவிட்டால் அது தங்கமாகாது, மஞ்சள் பிளாஸ்டிக் ஆகும். என் முதல் வீரனில் எனக்கு வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு வைக்கத் துணிவில்லை. எல்லாவற்றையும் மிருதுவாக இழைத்துவிட்டேன். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டவன்போல வந்து நின்றான்.

'பூசினாலே மின்னுகிறதே, ஏன் இந்தப் பாடு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பூசியது அறை விளக்குக்குத்தான் கட்டுப்படும், நமக்குக் கட்டுப்படாது. மேசை விளக்கு தாழ்வாக இருந்தால் இருட்ட வேண்டிய கீழ்வயிறு மின்னும், மின்ன வேண்டிய தோள் இருட்டும். 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதிய இத்தாலியர் அல்பெர்த்தி இதே குறையைத்தான் சொன்னார்: பலகையில் தங்கத்தை ஒட்டினால் ஒளிர வேண்டியது இருள்கிறது, இருள வேண்டியது ஒளிர்கிறது, எனவே வண்ணத்தாலேயே தங்க ஒளியைக் காட்டுபவருக்குத்தான் மதிப்பு அதிகம். நியாயமாகப் பார்த்தால் மறுபக்கமும் உண்டு. நாங்கள் தீட்டியதைக் கையில் எடுத்துத் திருப்பினால் வெளிச்சம் நகராமல் அதே இடத்தில் முறைத்துக்கொண்டிருக்கும். முன்னாலிருந்து பார்க்கத்தான் அது அழகு.

இனி, வந்த சொற்கள்.

'உலோகமிலா உலோகம்' சித்தர் பாடல் விடுகதைபோல இருக்கிறது. அதோடு, இல்லாததைச் சொல்லி ஒன்றுக்குப் பெயர் வைப்பது ஆங்கிலத்தின் சிக்கல், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'போலி உலோகம்' கவரிங் கடைக்குப் போகும். 'கானல் உலோகம்' என்று எழுதிய அன்பர் கவிஞராகத்தான் இருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க எனக்கு அதுவே பிடித்திருந்தது. ஆனால் கானல் தானாக வருவது. இது மூன்று இரவு கழுத்து வலித்தால் வருவது. 'தீட்டுலோகம்' பற்றி நான் விளக்க வேண்டாம். எங்கள் பாட்டி இருந்திருந்தால் அந்தப் பொம்மையைக் கொலுப்படியில் வைக்க விட்டிருக்க மாட்டார்.

என் பரிந்துரை: எழுதுபொன்.

பொன் என்பதற்கு உலோகம் என்றே பழைய பொருள். கரும்பொன் இரும்பு, வெண்பொன் வெள்ளி. ஐம்பொன் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஓவியத்தை நாம் எழுதத்தானே செய்தோம்? ஆக, எழுதுபொன். இதற்கு நேர் எதிரான சில்வர் பெயின்ட் வேலை பூசுபொன். தஞ்சாவூர், மைசூர் ஓவியங்களில் தங்கத் தகடு பதிப்பது ஒட்டுபொன். மூன்றும் ஒரே அச்சு, கை என்ன செய்கிறதோ அதுவே பெயர்.

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நகையும் ஜரிகையும் வெறும் எண்ணெய் வண்ணம், அத்தனையும் எழுதுபொன். வேடிக்கை என்னவென்றால், அவருடைய அச்சுப்படங்களை வாங்கியவர்களில் சிலர் அவற்றின்மேல் நிஜ ஜரிகையும் சமிக்கியும் தைத்துக்கொண்டார்கள். எழுதுபொன்னின்மேல் ஒட்டுபொன்!

அன்புடன்,
அல்சூரிலிருந்து

———

மறு: மறு: 'நான் மெட்டாலிக் மெட்டல்'

அன்புள்ள அம்மா,

தங்கள் மடல் கண்டு சமையலறைக்குப் போய் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் இவருக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் கேட்டார்கள்.

'எழுது' பொருத்தமே. மை தீட்டுவதையும் வள்ளுவர் எழுதுதல் என்றுதான் சொல்கிறார்: 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' (1285). கண்ணுக்கு அருகே வந்துவிட்ட கோல் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொட்டுக்கடலைமேல் தூரிகை வைப்பவருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். எழுதுபொன், பூசுபொன், ஒட்டுபொன் மூன்றும் வினைத்தொகை. எனவே நடுவில் ஒற்று மிகாது. யாராவது 'எழுதுப்பொன்' என்று எழுதினால் இப்போதே திருத்திவிடுங்கள், பிறகு முடியாது.

தடை இரண்டு. எழுதுபொன் என்றதும் என் பேரன் 'தங்க நிப் வைத்த பேனாவா தாத்தா?' என்றான். இதைப் பழக்கம் சரிசெய்துவிடும். மற்றது கனமானது. பொன் உலோகம் என்பது நிகண்டுக்கும் எனக்கும் தெரியும், ஜெயநகர் நகைக்கடைக்குத் தெரியாது. இன்று பொன் என்றால் தங்கம்தான். இரும்புக் கவசத்தைக் காட்டி எழுதுபொன் என்றால் கேட்பவர் எங்கே தங்கம் என்று தேடுவார். 'எழுதுலோகம்' எனலாமா என்று பார்த்தேன். புத்தகக் கடைப் பெயர்போல ஒலிக்கிறது. விட்டுவிட்டேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து

———

மறு: மறு: மறு: 'நான் மெட்டாலிக் மெட்டல்'

அக்கா, ஐயா, வணக்கம். நான் ஞாயிற்றுக்கிழமை பெயின்டிங்குக்கு அக்கா வீட்டுக்கு வரும் கோரமங்களா பையன். இலக்கணம் தெரியாது, ஒரு நடைமுறைச் சந்தேகம் மட்டும்.

நாங்கள் 'இந்த வாளை என்.எம்.எம். பண்றேன்' என்போம். 'எழுதுபொன் பண்றேன்' என்பது வாயில் வருகிறது, பரவாயில்லை. ஆனால் 'என்.எம்.எம். கோல்டு', 'என்.எம்.எம். ஸ்டீல்' என்று பிரித்துச் சொல்வோமே, அதற்கு என்ன? எழுதுபொன் தங்கம் என்றால் பொன் தங்கம் என்று இரண்டு தடவை வருகிறது. எழுதுபொன் இரும்பு என்றால் ஐயா சொன்ன அதே குழப்பம்.

அப்புறம் அந்தக் கடைசி வெள்ளைப் புள்ளி, ஹாட்ஸ்பாட், அதற்கும் ஒன்று கொடுங்கள். போனில் வைஃபை ஹாட்ஸ்பாட்டும் அதுதான், எங்கள் குழுவில் ஏற்கெனவே ஒருமுறை பாஸ்வேர்டு கேட்டுவிட்டார்கள்.

———

மறு: மறு: மறு: மறு: 'நான் மெட்டாலிக் மெட்டல்'

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான், விடை ஐயாவின் இலக்கணத்திலேயே இருக்கிறது. வினைத்தொகைக்குப் பின்பாதியை மாற்றிக்கொள்ளலாம். இரும்புக் கவசமா, எழுதிரும்பு. வெள்ளியா, எழுதுவெள்ளி. செம்பா, எழுதுசெம்பு. தங்கமா, அங்கே எழுதுபொன் என்பதே போதும், நகைக்கடைக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். பூசுவதற்கும் அப்படியே: பூசுவெள்ளி, பூசுசெம்பு. மொத்த உத்திக்கும் ஒரு பெயர் வேண்டும்போது எழுதுபொன் என்று ஐம்பொன் கணக்கில் சொல்வோம். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக்குப் பின்னால் உலோகப் பெயரை ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரே சொல்லில் முடிகிறது. எழுதிரும்பு எனக்கு எழுதுபொன்னைவிடவும் பிடித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புள்ளிக்கு 'ஒளிப்பொட்டு', 'உச்சவொளி' என்று இரண்டு எழுதிவைத்திருந்தேன். போன ஞாயிறு வேலை முடித்துப் பக்கத்து தர்ஷினி ஓட்டலில் பை-டூ காபி வாங்கி நின்றுகொண்டிருந்தோம். தம்பி காபியைக் குடிக்காமல் டம்ளரை டியூப்லைட்டுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட வந்த புதுப் பெண்ணுக்கு விளக்குகிறானாம். விளிம்புக்குக் கீழே விரலை வைத்து, 'இதோ பாரு, பளிச்சு இங்க. இதுக்குப் பக்கத்துல யோசிக்காம கறுப்பு வெச்சுடு' என்றான்.

தம்பி, சொல்லை நீயே வைத்துவிட்டாய், மடலில் வந்து ஏன் கேட்கிறாய்? பளிச்சு. என் இரண்டையும் அடித்துவிட்டேன்.

காபி ஆறிப்போயிருந்தது. மேசை துடைப்பவர் வந்து டம்ளரைக் கொடுக்கும்படி கன்னடத்தில் கேட்டார். அந்தப் பெண் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லி இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள்.

அல்சூரிலிருந்து