பிஸ்ட்ரோல பாஸ்தாவும் டெசர்ட்டும் சேர்த்து சாப்பிட எப்படி ஆர்டர் பண்றது?

கேள்வி:
மக்களே, சனிக்கிழமை அம்மாவோட ஒரு பிஸ்ட்ரோவுக்கு, அதாவது சின்ன ரெஸ்டாரண்டுக்கு, போறேன். போன தடவை க்ரீம் பாஸ்தா பாதிலயே திகட்டி, ஆசையா வெச்சிருந்த டெசர்ட் பக்கமே போக முடியல. அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டாங்க. என்ன சொல்லலாம்?

பதில் 1:
ஆளுக்கொரு க்ரீம் பாஸ்தா வேணாம்ப்பா. ஒண்ணு க்ரீம், இன்னொண்ணு அராபியாட்டா, அதாவது தக்காளி பூண்டு காஞ்ச மிளகாய் போட்ட சாஸ், ரெண்டையும் நடுவுல வெச்சு மாத்தி மாத்தி சாப்பிடுங்க, அந்த புளிப்பும் காரமும் திகட்டலை அடக்கிடும். தட்டு வந்ததும் சாப்பிட்டுடணும், ஆறினா சாஸ் இறுகி கட்டியாயிடும்.

பதில் 2:
அம்மாவுக்காக ஒண்ணு சொல்றேன், தயவுசெஞ்சு கேட்டுட்டு ஆர்டர் பண்ணு. கார்பொனாரா பாஸ்தால முட்டையும் பன்னிக்கறியும் உண்டு. ஃப்ரெஷ் பாஸ்தா மாவுலயும் பெரும்பாலும் முட்டை இருக்கும், காஞ்ச பாஸ்தா பொதுவா ரவையும் தண்ணியும்தான். டிராமிசுங்கிற காபி டெசர்ட்டோட க்ரீம்ல முட்டை போடுவாங்க. பன்னா கோட்டா வெறும் பால் க்ரீம் மாதிரி தெரியும், ஸ்பூன் பட்டாலே லேசா ஆடும், ஆனா அதை உறைய வைக்கிறது ஜெலட்டின், அது மிருகங்களோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது. மேல துருவுற பார்மிஜானோ சீஸ்லயும் பாலை திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் இருக்கு.

கேட்டவர்:
பன்னா கோட்டாதான் அம்மாவுக்கு வாங்கலாம்னு நெனச்சிருந்தேன்க்கா! ரொம்ப நன்றி. அஃபொகாட்டோ ஓகேவா?

பதில் 2:
வெனிலா ஐஸ்க்ரீம் மேல சூடா எஸ்ப்ரெஸ்ஸோ, அதாவது ஸ்ட்ராங் காபி, ஊத்துறதுதான் அது, ஐஸ்க்ரீம்ல முட்டை இல்லையான்னு மட்டும் கேட்டுக்கோ.