போர்ட்டிகோவில் பட்டறை மேசை: இரும்பா, மரமா?

குமரன் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)

வணக்கம். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு வீட்டு முன்பக்கப் போர்ட்டிகோவைப் பட்டறையாக்கிக்கொள்ள வீட்டில் ஒருவழியாக அனுமதி கிடைத்திருக்கிறது. ஆறடிக்கு இரண்டடியில் ஒரு மேசை செய்யப் போகிறேன். பெரும்பாலும் மர வேலை. நடுநடுவே சைக்கிள், மிக்ஸி, சில்லறை இரும்பு வேலை.

பீன்யாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இரும்புச் சட்டம் போடச் சொல்கிறார். மாமனாரோ மைசூர் சாலை மரக்கடைக்குப் போய் சில்வர் ஓக் வாங்கு என்கிறார். அலுவலகத்தில் இறக்குமதி இயந்திரங்கள் வந்த பைன் மரப் பெட்டிகள் சும்மாவே கிடைக்கும். என் உயரம் ஐந்தடி ஏழங்குலம். அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

ஃபிட்டர் மாணிக்கம்

இரும்புதான் தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

50க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் கனத்தில் சதுரக் குழாய் வாங்குங்கள். கடையில் ஆறு மீட்டர் நீளமாக விற்பார்கள், இரண்டு போதும். முதல் குழாயில் ஆறடித் துண்டு மூன்று. இரண்டாவதில் இரண்டடி எட்டங்குலக் கால் நான்கு, இரண்டடிக் குறுக்குச் சட்டம் நான்கு. நீளச் சட்டம் மேலே இரண்டு, கீழே பின்பக்கம் ஒன்று. கீழே முன்பக்கம் வைக்காதீர்கள். நின்று வேலை செய்யும்போது முழங்கால் எலும்பைப் பதம் பார்க்கும். சேதாரம் போக அடியளவு மிஞ்சும்.

மேலே போட எட்டுக்கு நான்கு அடியில், 18 மில்லிமீட்டர் கனத்தில் பிளைவுட் ஒன்று. நீளவாக்கில் பிளந்து, இரண்டிலும் இரண்டடியைக் கழித்தால் ஆறுக்கு இரண்டில் இரண்டு பலகை. பசை போட்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் 36 மில்லிமீட்டர். கழித்த இரண்டு சதுரங்களும் கீழ்த்தட்டுக்கு. ஒரு துண்டுகூட வீணில்லை.

இழைப்புளி

மாணிக்கம் ஐயாவின் வெட்டுக் கணக்கில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் வரைந்து கொடுத்திருப்பது இரும்பு வேலைக்கான ஃபிட்டர் மேசை. குமரன் கேட்டது மர வேலைக்கு.

அரம் போடும்போது விசை வைஸின் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கருவி) வாயில் அடங்கிவிடும். மரம் சீவ இழைப்புளி தள்ளும்போது உடம்பின் முழு பாரமும் மேசையின் நீளவாக்கில் போகிறது. அவர் சொன்ன குழாய் மீட்டருக்கு மூன்று கிலோ. பதினொரு மீட்டருக்கு 33 கிலோ. பிளைவுட் இருபத்தைந்து சொச்சம். அறுபது கிலோ மேசையை எழுபது கிலோ மனிதர் தள்ளினால் நகரப்போவது மேசை. இரண்டு சீவலுக்கு ஒருமுறை மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மரத்தில் செய்யுங்கள். மூன்றங்குலக் கனத்தில் மேற்பலகை, நான்கங்குலச் சதுரக் கால்கள். காலில் துளை, சட்டத்தில் நாக்கு. செருகி ஆப்பு அடித்தால் பேரன் காலம் வரை ஆடாது. மேற்பலகைக்கு மூன்று கன அடி, கால்களுக்கும் சட்டங்களுக்கும் இரண்டேகால், ஆக ஐந்தேகால் கன அடி. சேதாரத்துக்கு ஒரு கன அடி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். மேற்பலகை மட்டுமே ஐம்பது கிலோவை நெருங்கும்.

ஃபிட்டர் மாணிக்கம்

> நகரப்போவது மேசை

கீழ்த்தட்டு எதற்கு இருக்கிறது? ஆறங்குலக் கனமுள்ள சிமெண்டுக் கல் நான்கை அடுக்குங்கள். நூறு கிலோ. ஐந்தேகால் கன அடி மரத்தின் விலையில் எத்தனை கல் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு, மூன்றங்குலச் சில்வர் ஓக்கை எந்தக் கடைக்காரர் உலர்த்தி வைத்திருக்கிறார்? குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பிச் செடிக்கு நிழலாக நின்று, மிளகுக்கொடியைச் சுமந்த மரம் அது. வெட்டி லாரியில் ஏற்றினால் ஈரத்தோடுதான் வந்து இறங்கும். காற்றில் உலர ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மூன்றங்குலத்துக்கு மூன்று ஆண்டு. அதுவரை தம்பி சைக்கிளை எங்கே வைத்துப் பிரிப்பார்?

இழைப்புளி

முழுப் பலகையாக வாங்கினால்தானே? ஒன்றரை அங்குலப் பலகையை மூன்றங்குலப் பட்டைகளாகக் கிழித்து, பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டினால் மூன்றங்குலக் கனம் தானாக வரும். கேரளத்து ரப்பர் மரம் சூளையில் உலர்த்தி, பூச்சிக்கு மருந்தேற்றியே விற்பனைக்கு வருகிறது. பால் வற்றிய தோட்டங்களில் எப்படியும் வெட்டப்படும் மரம் என்பதால் மனதுக்கும் உறுத்தல் இல்லை. மருந்தேற்றாத ரப்பர் மரத்தை மட்டும் தொடாதீர்கள். வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும்.

மரச்சட்டத்துக்குப் பணம் போதாது, இரும்புக் கால்தான் என்றால் சரி. அப்போதும் மேலே திண் மரப் பலகை போடுவதாக இருந்தால், சட்டத்தில் போல்ட் துளைகளை அகலவாக்கில் நீளத் துளைகளாகப் போடச் சொல்லுங்கள். பெங்களூருவில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு மரம் சுருங்கும். ஜூனுக்குப் பிறகு மழையில் உப்பும். இரண்டடி அகலத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் போய் வரும். அசைய இடமில்லாமல் முடுக்கினால் நடுவில் பிளந்துவிடும்.

தரைப்பட்டறை

நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. என் அப்பா நாகர்கோவிலில் ஆசாரி. கதவும் நிலையும் கட்டிலும் செய்தே எங்களைப் படிக்கவைத்தார். அவரிடம் மேசையே கிடையாது. தரையில் ஒரு கட்டை, அதில் ஒரு முட்டு. மரத்தை இடது பாதத்தால் மிதித்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உளி போடுவார். மரம் திரும்பினால் பாதமும் திரும்பும். எந்த வைஸுக்கு இந்த வேகம் உண்டு?

ஆளுயர மேசை இல்லாவிட்டால் தச்சு வேலையே நடக்காது என்பது யூடியூப் பார்த்து வந்த நம்பிக்கை. ரோமானியர்கள்கூடத் தாழ்ந்த மேசையில் குந்தித்தான் வேலை செய்தார்கள். ஜெர்மனியில் சால்புர்க் என்ற ரோமானியக் கோட்டையின் கிணற்றுக்குள்ளிருந்து அப்படிப்பட்டவை கிடைத்திருக்கின்றன. ஒரே தடித்த பலகை, சாய்வாகத் துளை போட்டு இறக்கிய கால்கள், உயரம் முழங்கால் அளவு. குதிரையில் ஏறுவதுபோல் கால் போட்டு உட்கார்ந்தால் உங்கள் எடையே மேசையின் எடை. நூறு கிலோ சிமெண்டுக் கல்லைச் சுமக்க வேண்டாம்.

இழைப்புளி

உங்கள் அப்பாவின் பாதத்துக்கு வணக்கம். அந்தக் கை சின்ன வயதிலிருந்து வந்தது. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று குந்தச் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் திங்களன்று படி இறங்க முடியாது. போதாக்குறைக்கு உளி நழுவினால் அருகில் இருப்பது விரல்.

ஆனால் தாழ்ந்த மேசை யோசனை நல்ல யோசனைதான். அறுக்கவும், துளை போடவும் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். குமரன் கேட்டது அதுவல்ல என்பதுதான் விஷயம்.

மீனா (கல்யாண் நகர்)

போர்ட்டிகோ சொந்தமா, வாடகையா என்று யாராவது கேட்டீர்களா? இந்த ஊரில் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். நாம் மூட்டை கட்டுவோம். வெல்டிங் செய்த ஆறடிச் சட்டம் படிக்கட்டு வளைவில் திரும்பாது. ஆப்பு அடித்த மரச்சட்டம் அதைவிட மோசம். நான் இருப்பது இரண்டாம் மாடியில், அதனால் சொல்கிறேன். இரு பக்கச் சட்டங்களைத் தனித்தனியாக முடித்துவிட்டு, நடுவில் வரும் நீளச் சட்டங்களை மட்டும் அரை அங்குலப் போல்ட்டால் முடுக்குங்கள். இரும்போ மரமோ, அது உங்கள் பாடு. கழற்றினால் சின்ன டெம்போவில் போய்விடும்.

பைன் பெட்டியைப் பற்றி யாருமே பேசவில்லை. ஓரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம்; எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எப்படியானாலும் பெட்டிப் பலகை மெலிசு, ஒவ்வொரு அடிக்கும் ஆணி. அலமாரிக்கு ஆகும், மேசைக்கு ஆகாது. ஆணியைத் தேடி எடுக்காமல் மின் இழைப்புளியை வைத்தால் அலகு போச்சு.

குமரன் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)

சொந்த வீடுதான் அக்கா. ஆனால் போர்ட்டிகோத் தரை மழைநீர் ஓட வாசல் பக்கம் சரிந்திருக்கிறது. அதற்கு என்ன வழி? மேசை உயரமும் குழப்பமாக இருக்கிறது. சிலர் மணிக்கட்டு அளவு என்கிறார்கள், சிலர் முழங்கை அளவு என்கிறார்கள்.

ஃபிட்டர் மாணிக்கம்

சரிவுக்கு: நான்கு காலின் அடியிலும் சிறு தகடு வைத்து, தகட்டில் 12 மில்லிமீட்டர் நட்டைப் பற்றவைத்து, போல்ட்டை மேல்நோக்கித் திருகச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்கலாம். மரக் காலுக்கு இந்த வசதி கிடையாது, அளந்து அறுக்க வேண்டும். கழுவிவிடும் தண்ணீரிலும் மரக் கால் நிற்கக் கூடாது.

உயரத்துக்கு: இரண்டும் சரிதான். இழைப்பதற்கு மேசை மணிக்கட்டு அளவு. அரத்துக்கு வைஸின் தாடை முழங்கை அளவு. நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை தாடையைத் தொட வேண்டும். உங்கள் உயரத்துக்கு மணிக்கட்டு சுமார் 33 அங்குலம், முழங்கை 42. நடுவில் ஒன்பது அங்குலம். நடுத்தர வைஸே ஏழெட்டு அங்குல உயரம் நிற்கும். அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்தால் கணக்கு நேர். நான் சொன்ன காலும் பலகையும் சேர்த்துப் பாருங்கள், மேசை முப்பத்து மூன்றரைக்குத்தான் வரும்.

இழைப்புளி

இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: வைஸை மேசையின் ஒரு கோடியில் வையுங்கள், வேலை முடிந்ததும் கழற்றுவதுபோல் போல்ட் போடுங்கள். நடுவில் வைத்தால் நீளப் பலகை படுக்காது. இரும்புத் தூளைத் துடைக்காமல் அதே பலகையில் மரத்தைப் போட்டால் தூள் மரத்தில் குத்தி இறங்கும். பிறகு இழைப்புளி அலகைத் தீட்டித் தீட்டியே ஞாயிறு முடிந்துவிடும்.

குமரன் (இராமமூர்த்தி நகர், பெங்களூரு)

சரி, இரும்புச் சட்டம், பிளைவுட் என்றே முடிவு. மீனா அக்கா சொன்னபடி நீளச் சட்டங்களுக்குப் போல்ட். மாமனாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பிளைவுட்டில் எது வாங்குவது? வைஸ் புதிது வாங்கவா, சிவாஜி நகர் குஜரியில் (பழைய பொருள் சந்தையில்) தேடவா?

மீனா (கல்யாண் நகர்)

போர்ட்டிகோ சாரல் அடிக்கும் இடம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் அடியுங்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும். விளிம்பில் ஸ்க்ரூ போட்டு எதையும் தொங்கவிடாதீர்கள், பிடிக்காது.

தரைப்பட்டறை

மாமனார் சொன்ன சில்வர் ஓக்கில் நான்கடிப் பலகை ஒன்று மட்டும் வாங்கி என் தாழ்ந்த மேசையைச் செய்யுங்கள். எதில் அதிகம் உட்காருகிறீர்கள் என்று தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம்.

ஃபிட்டர் மாணிக்கம்

குஜரியில் தேடுங்கள், பழைய வார்ப்பு நல்ல வார்ப்பு. வாங்குமுன் தாடையை முழுக்கத் திறந்து இரண்டு கையாலும் இடம் வலமாக ஆட்டுங்கள். அதிகம் லொடலொடத்தால் வேண்டாம். பிறகு ஒரு தாளைத் தாடையின் இடது ஓரத்தில் கவ்வி இழுங்கள், வலது ஓரத்திலும் இழுங்கள். இரண்டும் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். மேசையில் பொருத்தும்போது காலுக்கு நேர் மேலே, நிலைத்தாடை மேசை விளிம்பைவிடச் சற்று வெளியே நீட்டியபடி வையுங்கள். நீளக் குழாயைச் செங்குத்தாகக் கவ்வும்போது மேசை தடுக்காது. பலகைக்கு அடியில் அகலத் தகடு கொடுத்துப் போல்ட்டை முடுக்குங்கள், வெறும் வாஷர் பிளைவுட்டுக்குள் அமுங்கிவிடும். கடைக்காரர் வைஸுக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். வார்ப்பில் பற்றவைத்த தழும்பு தெரிந்தால் விலையே கேட்காமல் நடையைக் கட்டுங்கள்.