நைலோன் கிற்றாருக்கு ஸ்டீல் கம்பி போடலாமா?

கிளிநொச்சிப் பெடியன்:
கனடாவிலிருந்து வந்த மாமா தன்னுடைய பழைய கிளாசிக்கல் கிற்றாரை (நைலோன் தந்தி போட்டது) தந்துவிட்டுப் போனார். ஞாயிறு பூசையில் வாசிக்கிறேன், ஆனால் ஓகனும் தபேலாவும் சேர்ந்தால் என் சத்தம் எனக்கே கேட்காது. தடித்த மூன்று தந்தியும் பார்க்க உலோகம் போலத்தானே இருக்கின்றன, மற்ற மூன்றையும் கழற்றிவிட்டு முழு ஸ்டீல் செட் போட்டால் என்ன?

முறிகண்டியான்:
தம்பி, வேண்டாம். அந்த மூன்றும் உள்ளே நைலோன் நூல், மேலேதான் கம்பி சுற்றியிருக்கிறது. கிளாசிக்கலில் மொத்த இழுவை 40 கிலோ அளவில்தான் வரும், ஸ்டீல் 70ஐ நெருங்கும், சிலது தாண்டும். பிரிட்ஜ் (தந்தியைக் கட்டுகிற கட்டை) வெறும் பசையில் ஒட்டியிருப்பது, எங்கட வெயிலுக்கு அது முன்பலகையையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒட்டுசுட்டான் வாத்தி:
அந்தப் பலகை ஏன் அவ்வளவு மெல்லிசு? அன்டோனியோ டி டோரஸ் (1817–1892) என்ற ஸ்பெயின்காரரின் வேலை அது. அப்போது குடலில் செய்த தந்திதான். உடம்பைப் பெரிதாக்கி, முன்பலகையை மெல்லிசாக்கி, உள்ளே விசிறி மாதிரிக் குச்சிகள் ஒட்டினார் (விசிறி முன்பே இருந்தது, சரியாக அமைத்தது அவர்). சத்தம் முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே 1862இல் முதுகையும் பக்கங்களையும் அட்டையில் செய்து ஒரு கிற்றார் கட்டினார், என்ன துணிச்சல் பாருங்கோ! அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நைலோன் வந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், குடலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது. நியூயோர்க்கில் அல்பர்ட் ஒகஸ்டின் செய்துகொடுக்க, ஸ்பெயின் கிற்றார் கலைஞர் செகோவியா அதை வாசித்தார். குடலுக்குப் பதிலாக நைலோன் போட்டதை அந்தப் பலகை தாங்கியது. ஸ்டீலுக்கு உள்ளே எக்ஸ் வடிவில் சட்டம் அடித்திருக்கும், அது வேறு கிற்றார்.

மல்லாவி அக்கா:
வரலாறு சரி, தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு வழி சொல்லுங்கோவன். ஹை டென்ஷன் (இழுவை கொஞ்சம் கூடின) நைலோன் செட் ஒன்று போடுங்கோ, வலக்கை நகத்தைக் கொஞ்சம் வளருங்கோ. கோயில் மைக்கை ஓட்டைக்கு நேரே வைத்தால் வெறும் கும்மென்றுதான் கேட்கும், கழுத்தும் உடம்பும் சேரும் பக்கமாகத் திருப்பி வையுங்கோ. தபேலாக்காரரிடமும் ஒரு சொல் சொல்லலாம்.

கிளிநொச்சிப் பெடியன்:
நன்றி அக்கா. வவுனியாவில் பார்த்த செட்டில் தந்தி நுனியில் சின்ன உருண்டை இருந்தது, அது சரிவருமா?

முறிகண்டியான்:
உருண்டை என்றால் பெரும்பாலும் ஸ்டீல். உருண்டை வைத்த நைலோனும் உண்டு, ஆகவே மெல்லிய மூன்றும் நைலோன்தானா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கோ.